ஆங்கிலப் பத்திரங்களில் வரும் பழைய கூட்டுச் சொற்களைப் படித்தறியும் முறை: முதன்முறையாக வீடு, மனை வாங்குவோருக்கு

சென்னைப் புறநகரில் ஒரு பழைய வீட்டை வாங்குவதற்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் அதன் தாய்ப்பத்திரத்தை (சொத்தின் உரிமை தொடங்கும் பழைய மூலப் பத்திரத்தை) நான் வரி வரியாகப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்தப் பத்திரம், மனையின் அளவையும் நான்கு எல்லைகளையும் சொல்லிவிட்டு, பொதுக் கிணற்றில் பாதிப் பங்கும் 'தேர்-டூ' (thereto) வழிப்பாத்தியமும் (பிறர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமையும்) சேர்த்து விற்கப்படுவதாக முடிந்திருந்தது. வழிப்பாத்தியம் என்ற சொல்லைக் கண்டதும், தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை வரும் ஆறடிச் சந்தில் நமக்கு உரிமை இருக்கிறது என்று நம்பிவிட்டேன். 'தேர்-டூ' என்றால் 'அதற்கு' என்று பொருள். அந்த வாக்கியத்தில் 'அது' என்பது சற்றுமுன் சொல்லப்பட்ட கிணறு. ஆகவே பத்திரம் கொடுத்தது கிணற்றுக்குப் போய்வரும் வழியை மட்டுமே. வீட்டுக்கு வரும் சந்து பக்கத்து மனைக்காரருடையது. அவரிடம் தனியாக வழிப்பாத்திய ஆவணம் எழுதி வாங்கிப் பதிவு செய்து முடிக்க எனக்கு 11 வாரங்களும், கணக்கில் சேர்க்காத ஒரு தொகையும் செலவாயின. அந்த ஒரு சொல்லை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படித்திருந்தால், அந்தச் சந்தில் வழி வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பாக இருந்திருக்கும்.

இந்தச் சொற்கள் கடினமானவை அல்ல. பள்ளியிலும் செய்தித்தாளிலும் பழகாத ஆங்கிலம் என்பதால் அவை மிரட்டுகின்றன. நான் படித்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். சொற்களின் உறுப்புகள் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக இடைக்கோடு இட்டிருக்கிறேன். பத்திரத்தில் அவை ஒட்டியே அச்சாகியிருக்கும்.

1. முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள், வரைவை முன்கூட்டியே கேளுங்கள்

உங்களுக்கு வேண்டியவை: தாய்ப்பத்திரம் தொடங்கி இப்போதைய உரிமையாளரின் பத்திரம் வரை எல்லாவற்றின் தெளிவான நகல்கள், விற்பனை ஒப்பந்தத்தின் வரைவு, கிரயப் பத்திரத்தின் வரைவு, வில்லங்கச் சான்று (சொத்தின்மீது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்), பட்டா, புலப்பட வரைபடம் (நில அளவை வரைபடம்). வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பழைய பத்திரத்தின் நகல் மங்கியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். மங்கிய நகலில் 'ஹியர்' (here) என்பதும் 'தேர்' (there) என்பதும் ஓரெழுத்து வித்தியாசத்தில்தான் நிற்கும். அந்த ஓரெழுத்து அழிந்தால் பொருளே மாறிவிடும்.

வரைவைப் பதிவு நாளுக்கு முந்தைய மாலையில் கையில் கொடுப்பது இங்கே பரவலான வழக்கம். அதற்கு இணங்காதீர்கள். குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே வரைவு வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எழுத்தர் ஒரே நாளில் தட்டச்சு செய்துவிடலாம்; நீங்கள் படிக்க ஒரு வாரம் தேவைப்படும்.

2. சொல்லை இரண்டாக வெட்டுங்கள்

தமிழ் படித்த எவருக்கும் சுட்டெழுத்தும் வினா எழுத்தும் தெரியும். இது, அது, எது என்ற மூன்றுக்குள் இந்தச் சொற்களில் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. 'ஹியர்' என்று தொடங்கினால் அது இகரச் சுட்டு: இந்த ஆவணம், இந்த இடம், இந்த நேரம். 'தேர்' என்று தொடங்கினால் அது அகரச் சுட்டு: சற்றுமுன் சொல்லப்பட்ட அந்தப் பொருள், அந்தச் சட்டம், அந்த நிகழ்வு. 'வேர்' (where) என்று தொடங்கினால் அது எகரம்: எந்த ஒன்றோ அந்த ஒன்று.

பின்னால் ஒட்டியிருப்பது நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஆஃப்' என்றால் உடைய, 'இன்' என்றால் இல், 'டூ' என்றால் கு, 'பை' என்றால் ஆல் அல்லது மூலம், 'ஃப்ரம்' என்றால் இலிருந்து, 'வித்' என்றால் உடன், 'ஆன்' என்றால் மேல், 'அண்டர்' என்றால் கீழ் அல்லது படி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'தேர்-ஆஃப்' அதனுடைய, 'ஹியர்-இன்' இதில், 'தேர்-ஃப்ரம்' அதிலிருந்து, 'ஹியர்-வித்' இதனுடன், 'தேர்-ஆன்' அதன்மேல். இந்தப் பொருத்தம் புலப்பட்ட அன்று, இருபது பக்கப் பத்திரம் எனக்குப் பாதி பயம் நீங்கியதாகத் தெரிந்தது.

'வேர்' குடும்பம் மட்டும் சற்றுப் படுத்தும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் 'வேர்-பை' என்று போட்டு அடுத்த வாக்கியத்தை அதன் வாலில் கட்டிவிடுவார்கள். தமிழில் அப்படிக் கட்டும் வழக்கம் இல்லை. எனவே அந்தச் சொல் வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, 'அதன் மூலம்' என்று புதிய வாக்கியத்தைத் தொடங்கிப் படியுங்கள். 'வேர்-இன்' வந்தால் 'அதில்', 'வேர்-அண்டர்' வந்தால் 'அதன்படி', 'வேர்-அப்பான்' வந்தால் 'அதன் பேரில்' அல்லது 'அதையடுத்து' என்று தொடங்குங்கள். அரைப் பக்க வாக்கியமும் நான்கு எளிய வாக்கியங்களாகக் கலைந்துவிடும்.

3. 'அது' எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். 'தேர்' என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு, அது சுட்டும் பெயர்ச்சொல்லுக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு இடங்களுக்குப் போகக்கூடும் என்று தோன்றினால், அங்கே பின்னாளில் வழக்கு முளைக்கலாம். 'வீடும், கொல்லையும், தேர்-ஆஃப் மரங்களும்' என்று எழுதியிருந்தால் மரங்கள் கொல்லையுடையவையா, வீடு கொல்லை இரண்டுக்கும் உரியவையா? 'தரைத்தளமும் மாடியும் தேர்-டூ படிக்கட்டும்' என்றால் படிக்கட்டு மாடிக்கு மட்டும் போவதா, தரைத்தளத்துக்கு ஏறும் படிகளும் சேர்ந்ததா? பத்திரம் எழுதியவருக்கு அப்போது மனதில் தெளிவு இருந்திருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கும் வாரிசுக்கு அது இருக்காது.

ஐயம் வந்தால் அந்தச் சொல்லுக்குப் பதிலாகப் பொருளின் பெயரையே திரும்ப எழுதச் சொல்லுங்கள். 'அதற்கு' என்பதற்குப் பதில் 'மேற்படி வீட்டுக்கு' என்று எழுதினால் பத்திரத்தின் மதிப்பு எள்ளளவும் குறையாது. 'அப்படி எழுதினால் சட்ட ஆங்கிலம் ஆகாது' என்று ஓர் எழுத்தர் என்னிடம் சொன்னார். பதிவுச் சட்டம் 1908-இன் 21-ஆம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் வேண்டும் என்றுதான் கேட்கிறது. பழைய சொற்களைக் கேட்கவில்லை.

தமிழ்ப் பத்திரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நான்கு பேர், மூன்று மனைகள் வரும் தமிழ்ப் பத்திரத்தில் 'மேற்படியார்', 'மேற்படி சொத்து' என்று தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால், எந்த மேற்படி என்ற கேள்வி அங்கேயும் எழும்.

'தேர்-ஆன்' என்ற சொல்லைத் தனியே தேடுங்கள். 'நிலமும் அதன்மேல் உள்ள கட்டடமும்' என்று சொல்லும் சொல் அது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 8-ஆம் பிரிவின்படி, வேறு எண்ணம் தெரியாத வரையில், நிலத்தோடு பொருந்தியவையும் நிலத்துடன் சேர்ந்தே கைமாறும். இருந்தாலும் வீட்டோடு வாங்குபவர் கட்டடத்தின் சதுர அடியும் கதவு எண்ணும் தபசிலில் (பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில்) வெளிப்படையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

அளவைப் பற்றிய வரியில் 'தேர்-அபௌட்ஸ்' என்று வரக்கூடும். 1,200 சதுர அடி 'அல்லது ஏறத்தாழ அவ்வளவு' என்று பொருள். மனையை அளந்த பிறகு அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. அளந்த அளவையே எழுதச் சொல்லுங்கள்.

4. 'ஹியர்-இன்' எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கேளுங்கள்

'இதில்' என்பது இந்த ஷரத்தில் (எண்ணிட்ட நிபந்தனைப் பத்தியில்) என்றா, இந்தப் பத்திரம் முழுவதிலும் என்றா? ஆங்கிலத்திலேயே இது தீராத குழப்பம். 'ஹியர்-இன் சொல்லப்பட்ட நிபந்தனைகளை மீறினால் முன்பணம் திரும்பாது' என்று 7-ஆம் ஷரத்தில் எழுதியிருந்தால், 7-ஆம் ஷரத்தின் நிபந்தனைகளை மட்டும் மீறினாலா, எந்த நிபந்தனையை மீறினாலுமா என்பது பணத்தைப் பொறுத்த கேள்வி. ஷரத்து எண்ணைப் போட்டு எழுதினால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். 'ஹியர்-டூ' பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். 'பார்ட்டீஸ் ஹியர்-டூ' என்றால் இந்த ஆவணத்தின் தரப்பினர், அவ்வளவுதான்.

5. காலத்தைக் காட்டும் சொல்லையும் இடத்தைக் காட்டும் சொல்லையும் பிரித்தறியுங்கள்

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சொற்களில் நான் பலமுறை தடுமாறினேன். 'ஹியர்-ஆஃப்டர்' என்றால் இன்றுமுதல், இனிமேல். அது காலத்தைச் சொல்கிறது. 'ஹியர்-இன்-ஆஃப்டர்' என்றால் இந்த ஆவணத்தில் இனி வரும் வரிகளில். அது இடத்தைச் சொல்கிறது. 'இனி இதில் விற்பவர் என்று குறிப்பிடப்படுபவர்' என்று தொடக்கப் பக்கத்தில் வருவது இரண்டாவது. அதை ஒட்டியே, 'விற்பவர்' என்ற சொல் அவருடைய வாரிசுகளையும் அவரிடமிருந்து உரிமை பெறுவோரையும் உள்ளடக்கும் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள். வாங்குபவரான உங்களுக்கும் அதே வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதேபோல் 'ஹியர்-டு-ஃபோர்' என்பது இதுநாள் வரை. 'ஹியர்-இன்-பிஃபோர்' என்பது இந்த ஆவணத்தில் மேலே. வரி பாக்கி பற்றிய ஷரத்தில் இந்த வேறுபாடு நேராகப் பணமாகும். இதுநாள் வரையிலான சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் விற்பவர் கட்ட வேண்டும் என்றால் முதற்சொல்தான் அங்கே இருக்க வேண்டும். 'ஹிதர்-டு' என்பதும் இதுவரை என்றே பொருள்படும். 'ஹென்ஸ்-ஃபோர்த்' இன்றுமுதல், 'தென்ஸ்-ஃபோர்த்' அன்றுமுதல். 'தேர்-ஆஃப்டர்' அதன் பிறகு.

'ஃபோர்த்-வித்' என்ற சொல்லுக்கு நான்காவது என்ற சொல்லோடு உறவில்லை. உடனடியாக என்று பொருள். உடனடியாக என்றால் எத்தனை நாள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. சாவி ஒப்படைப்பு, மூலப் பத்திரங்களின் ஒப்படைப்பு ஆகிய இடங்களில் இந்தச் சொல் இருந்தால், அதை நீக்கிவிட்டு '3 நாட்களுக்குள்' அல்லது 'பதிவு நாளன்றே' என்று எழுதுங்கள்.

6. 'ஹியர்-பை' இருக்கிறதா, இல்லையா?

பார்ப்பதற்கு இது எல்லாவற்றிலும் சிறியதொரு சொல். ஆனால் நீங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனீர்களா என்பதை இதைக் கொண்டு பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். 'இதன் மூலம் விற்கிறார்' என்று வந்தால் விற்பனை அந்தப் பத்திரத்திலேயே நடக்கிறது. 'விற்க ஒப்புக்கொள்கிறார்', 'பின்னர் எழுதிக்கொடுப்பார்' என்று வந்தால் அது ஒப்பந்தம்தான். எவ்வளவு தடித்த காகிதத்தில் இருந்தாலும், அதைப் பதிவே செய்திருந்தாலும் ஒப்பந்தம்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தின்மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. முழுத் தொகையையும் ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்துவிட்டுக் குடியேறியவர்களை நான் நேரில் அறிவேன். அவர்களிடம் இருக்கும் ஆவணத்தில் இந்தச் சிறு சொல் இல்லை.

புதிய அடுக்குமாடித் திட்டத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 13-ஆம் பிரிவின்படி, எழுத்துமூல ஒப்பந்தத்தைச் செய்து பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. அந்த ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வரும் வரை உங்கள் பணம் அந்த அளவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

7. 'நாட்-வித்-ஸ்டாண்டிங்' வந்தால் பின்னோக்கிப் படியுங்கள்

'எது எவ்வாறிருப்பினும்' என்று பொருள். 'மேலே சொல்லப்பட்டது எதுவாயினும்' என்று ஒரு ஷரத்து தொடங்கினால், மேலே நீங்கள் நிம்மதியாகப் படித்துத் தலையாட்டிய அனைத்தையும் அது ஓரம் தள்ளக்கூடியது. 5-ஆம் ஷரத்தில் தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று எழுதி, 19-ஆம் ஷரத்தில் இந்தச் சொல்லைப் போட்டு எந்தத் தாமதத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதுவது ஒப்பந்த வரைவுகளில் நான் கண்ட ஒன்று. இந்தச் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஷரத்தை வெல்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'ஸேவ் ஆஸ் ஹியர்-இன்-ஆஃப்டர்' என்று வந்தால் இதற்கு விலக்குகள் பின்னால் வருகின்றன என்று பொருள். அவற்றைத் தேடிப் படிக்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

8. 'தேர்-ஃபார்', 'தேர்ஃபோர்': ஓர் எழுத்தின் விலை

ஆங்கிலத்தில் கடைசியில் 'இ' (e) என்ற எழுத்து இருந்தால் 'ஆகவே'. அது இல்லாவிட்டால் 'அதற்காக'. 'விற்பவர் மோட்டார் பம்பையும் விட்டுச் செல்கிறார், அதற்காகச் செலுத்தப்பட்ட தொகை' என்று வர வேண்டிய இடத்தில், கணினி தானாகவே திருத்தி 'ஆகவே' என்று ஆக்கிவிடுவதுண்டு. வாக்கியம் பொருளற்றுப் போனால் முதலில் இந்த எழுத்தைச் சந்தேகியுங்கள்.

9. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் சடங்குச் சொற்கள்

'வேர்-ஆஸ்' என்று தொடங்கும் பத்திகள் சொத்து எப்படிக் கைமாறி வந்தது என்பதைச் சொல்பவை; 'இப்படியிருக்க' என்று படித்துக்கொள்ளலாம். அங்கே வரும் பத்திர எண், ஆண்டு, அலுவலகப் பெயர் ஆகியவற்றை வில்லங்கச் சான்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 'அஃபோர்-செட்' நம்முடைய மேற்படி. முடிவில் வரும் 'இன் விட்னஸ் வேர்-ஆஃப்' என்ற வரிக்கு, இதற்குச் சாட்சியாகத் தரப்பினர் இதில் கையொப்பமிடுகிறார்கள் என்று பொருள். அந்த வரியில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை.

10. திருத்தம், செலவு, காலம்

திருத்தங்களை எல்லாம் கையொப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் நான் பதிவு செய்தபோது கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆயின. 30 லட்சம் ரூபாய் மதிப்புக்கு 2,70,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு (அரசு அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த மதிப்பு) அதிகமாக இருந்தால் கணக்கு அதன்மேல் போகும். விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால் பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த வாரமே சரிபாருங்கள். இவ்வளவு பணம் கட்டிய பிறகு பிழை தெரிந்தால், பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு விற்றவர் மீண்டும் அலுவலகத்துக்கு வந்து கையொப்பமிட வேண்டும். அவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

வழக்கறிஞரிடம் 'பத்திரம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் வட்டமிட்ட சொற்களின் பட்டியலை எடுத்துச் சென்று, ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது என்று கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரம் தொடங்கிப் படிப்பதற்கா, வரைவை மட்டும் படிப்பதற்கா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட பிறகு கையால் ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால், எழுதிக்கொடுப்பவர் அதன் அருகிலேயே ஒப்பமிட வேண்டும். ஒப்பமில்லாத அடித்தல், இடைச்செருகல், வெற்றிடம் உள்ள ஆவணத்தைச் சார்பதிவாளர் ஏற்க மறுக்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் திருத்தம் வந்தால், அந்தப் பக்கத்தை மீண்டும் அச்சிடுவதே நல்லது.

'இன்றே கையொப்பமிட்டு இன்றே பதியாவிட்டால் எல்லாம் போய்விடும்' என்று அவசரப்படுத்தினால் தளராதீர்கள். கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்பது 23-ஆம் பிரிவு. தவிர்க்க முடியாத காரணத்தால் அதுவும் கடந்தால், அடுத்த 4 மாதங்களுக்குள் பதிவுக் கட்டணத்தின் 10 மடங்கு வரையிலான அபராதத்துடன் அனுமதி பெற 25-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அந்த 4 மாதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. முழுத் தொகையும் கைமாறிய பிறகு தாமதிப்பது ஆபத்து. ஆனால் ஒரு 'தேர்-டூ' எதைச் சுட்டுகிறது என்று தெரியாத நிலையில், இரண்டு நாள் தள்ளிப்போடுவதால் சட்டப்படி உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. பதிவுக்கு முன்பதிவு செய்த டோக்கனை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்து மூலப் பத்திரம் கையில் கிடைத்ததும், நீங்கள் ஒப்புதல் தந்த கடைசி வரைவோடு அதை ஒருமுறை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சில நாட்கள் கழித்து வில்லங்கச் சான்றை மீண்டும் எடுத்து, உங்கள் பெயரும் தபசிலும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதேனும் பிசகியிருந்தால், விற்றவர் இன்னும் உள்ளூரில் இருக்கும் அந்த வாரத்திலேயே அவரை அழைத்துச் செல்லுங்கள்.